கறள் பட்ட உடுப்பு: எதைக் கழுவலாம், எதைக் கழுவக்கூடாது?

இடப்பெயர்வுகளின்போது றங்குப்பெட்டிகளில் காவிச் சென்ற உடுப்புகளை இன்றும் பலர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டியின் தகரத்தில் ஈரம் பட்டால், அதில் உரசும் துணியில் செம்மண் நிறத்தில் கறள் பிடித்துவிடும்.

கறள் என்பது இரும்பு ஒட்சைட்டு. அது நீரிலோ சவர்க்காரத்திலோ கரையாது. குளோரின் கலந்த வெளிற்றியைப் போட்டால் கறை இன்னும் இறுகும். தேசிக்காய்ப் புளியிலுள்ள சித்திரிக் அமிலம் இரும்புடன் சேர்ந்து, நீரில் கரையும் சேர்வையை உண்டாக்கும்.

வெள்ளைப் பருத்தித் துணியெனில் கறையின் மீது உப்புத் தூவி, தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து, ஒரு மணித்தியாலம் வரை வெயிலில் வையுங்கள். இடையில் காயவிடாதீர்கள். பின்னர் நன்றாக அலசுங்கள். புளி தங்கினால் நூல் நைந்துவிடும். நிறத்துணியென்றால் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பட்டுச் சீலைக்கு இம்முறை வேண்டாம். காய்ந்த உடுப்பை வெள்ளைத் துணியில் சுற்றி, தகரத்தில் படாமல் வையுங்கள்.

ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் கடைசியாகக் கழற்றி வைத்த, இதுவரை கழுவாத உடுப்பாக இருந்தால் கறையோடு அப்படியே விட்டுவிடுங்கள். அதில் ஒட்டியுள்ள முடி, வியர்வை போன்றவற்றில் மரபணுத் தடயம் எஞ்சியிருக்கக்கூடும். என்றாவது ஒருநாள் அடையாளம் காண அது உதவலாம், கழுவினால் போய்விடும். அதிகம் தொடாமல், உலர்ந்த கடதாசிப் பையில் தனியாக இடுங்கள். யாருடையது, எப்போது உடுத்தது என்பதைப் பையின் வெளியே எழுதுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.