பாகு காய்ச்சும் விஞ்ஞானிகள்

பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கை வீங்கி வருகிறான். "எக்ஸ்-ரே எடுத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். "அந்தக் கதிர் குழந்தைக்கு ஆகுமா?" என்று நீங்கள் தயங்குகிறீர்கள். "ஒரு படத்தினால் ஒன்றும் வந்துவிடாது, அம்மா" என்று அவர் தேற்றுகிறார். வாஸ்தவம்தான். ஆனாலும் கதிர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது, அந்த அம்மாள் கால் மணி நேரம் கையை அசைக்காமல் வைத்திருந்தாளாம்! இன்று கண் இமைக்கும் நேரம் போதும். கதிரை இன்னும் குறைக்க வழி உண்டா? உண்டு என்கிறது ஓர் ஆரஞ்சு நிற ஸ்படிகம்.

அதன் பெயர் பெரோவ்ஸ்கைட். 1839-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் அகப்பட்ட ஒரு கனிமத்துக்கு வைத்த பெயர் அது. அதே அணு அமைப்புள்ள சரக்குகளெல்லாம் இப்போது அந்தக் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கின்றன.

கற்கண்டு எப்படி உண்டாகிறது? பாகில் நூலைத் தொங்கவிட்டால், ஆற ஆறக் கட்டி பிடிக்கிறது அல்லவா? இங்கே சங்கதி தலைகீழ்! ஈயமும் புரோமினும் அடங்கிய உப்புக்களை டைமெதில் ஃபார்மமைடு என்ற திரவத்தில் கரைத்து மெள்ளச் சூடேற்றினால், சூடு ஏற ஏற ஸ்படிகம் திரண்டு வளர்கிறது. 80 டிகிரி செண்டிகிரேடில் சில மணி நேரம் போதும். ஸவூதி அரேபியாவில் மன்னர் அப்துல்லா சர்வகலாசாலையினர் 2015-ல் வெளியிட்ட முறை இது. அவசரப்பட்டுச் சூட்டைத் தூண்டினாலோ, குருணை குருணையாகத்தான் விழும். பாகு பதம் அறிந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? (ஈயம் விஷம், வீட்டில் செய்து பார்க்கிற பலகாரமல்ல!)

தற்போதுள்ள கருவிகள் பலவற்றில் கதிர் முதலில் ஒளியாகி, பிறகு மின்சாரமாகிறது. நடுவில் ஒளி சிதறுவதால் படம் சற்றே மங்கும். ஸ்படிகத்திலோ கதிர் நேரே மின்சாரமாகிவிடுகிறது. ஈயம் கனத்த உலோகமாதலால் கதிரை எளிதில் தப்பவிடுவதில்லை. 2016-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் ஜின்சாங் ஹுவாங் குழுவினர் செய்த கருவி, ஸெலினியம் கருவியைப்போல் நான்கு மடங்கு கூர்மையாகக் கதிரை உணர்ந்தது.

பின் ஏன் நம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்கிறீர்களா? ஈரம் பட்டால் ஸ்படிகம் கெடுகிறது. மின் அழுத்தம் கொடுத்தால் உள்ளே அயனிகள் இடம் பெயர்ந்து அளவு தடுமாறுகிறது. இவற்றோடுதான் இன்று மல்லுக்கட்டு. ஈயத்தை அடியோடு விலக்கி, ஸீஸியம், வெள்ளி, பிஸ்மத், புரோமின் நான்கும் சேர்த்து வளர்த்த ஸ்படிகத்தாலும் எக்ஸ்-ரேயைப் பிடிக்கலாம் என்று 2017-ல் சீன விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள்.