புகட்டுவதா, ஊட்டுவதா, திணிப்பதா?

ஒரு கருத்து ஒருவர் மனத்துக்குள் போவதைச் சொல்லத் தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. புகட்டு, ஊட்டு, பதியவை, உணர்த்து, விதை, தூண்டு, புகுத்து, திணி என்று அடுக்கலாம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியமே கட்சி மாறிவிடும். கொடுப்பவர் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது, வாங்குபவர் மனத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இந்த வினைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

புகட்டு, ஊட்டு இரண்டும் வாய்வழியாகக் கொடுப்பதிலிருந்து வந்தவை. கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறோம். நோய் கண்ட மாட்டின் வாயைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் மருந்து புகட்டுகிறோம். இங்கே குடிப்பவரின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அவர் நன்மைக்குத்தான் என்ற நினைப்பு மட்டும் உண்டு. அதனால்தான் அறிவு, நீதி, ஞானம் ஆகியவற்றோடு புகட்டு இயல்பாகச் சேர்கிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கொடுக்கும் தோரணை அதில் இருக்கிறது. தேர்தல் முடிந்து 'மக்கள் பாடம் புகட்டினார்கள்' என்று எழுதும்போது அந்தத் தோரணை தண்டனையாகவே ஆகிவிடுகிறது. ஊட்டு உணர்ச்சிப் பக்கம் சாயும். நம்பிக்கை ஊட்டலாம், ஊக்கம் ஊட்டலாம், ஆர்வம் ஊட்டலாம், வெறியும் ஊட்டலாம். 'நம்பிக்கை புகட்டினார்' என்று எழுதிப் பாருங்கள், காதில் இடறும். நம்பிக்கையை வாயைப் பிடித்து ஊற்ற முடியாது என்பது மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

என் மதிப்பில் இவற்றுள் மிக நேர்மையான வினை உணர்த்து. இது பொய்யோடு சேராது. 'பொய்யை நம்பவைத்தான்' என்போம், 'பொய்யை விதைத்தான்' என்போம். 'பொய்யை உணர்த்தினான்' என்று யாரும் சொல்வதில்லை. உணர்த்தப்படுவது உண்மையாக இருக்க வேண்டும். உணர்கிற வேலையையும் கேட்பவரே செய்ய வேண்டும். 'மனத்தில் பதியவை' என்பதும் இதற்கு அருகில் நிற்கிறது. பதிவது மனத்தின் வேலை, அதற்கு வழிசெய்வதோடு சொல்பவரின் வேலை முடிகிறது.

வாங்குபவரைக் கணக்கில் எடுக்கும் இந்த நினைப்பு பழையது. பவணந்தி முனிவரின் நன்னூல், மாணவன் எவ்வளவு ஏற்பான் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பாடம் சொல்ல வேண்டும் என்கிறது. கூடவே மாணவர்களை அன்னம், பசு முதல் ஓட்டைக்குடம், நெய்யரி வரை தரம் பிரித்தும் வைக்கிறது.

தூண்டு என்ற வினையில் கருத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை. எரிகிற விளக்கின் திரியைத் தூண்டுவது போல, உள்ளே இருப்பதைக் கிளறிவிட்டால் போதும். ஆர்வத்தைத் தூண்டுவதும் இந்தச் சொல்தான், கலவரத்தைத் தூண்டுவதும் இதேதான். சட்டத்திலும் இதற்குக் கனம் அதிகம். ஒரு குற்றத்தைச் செய்யும்படி இன்னொருவரைத் தூண்டுவது தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதைத் தண்டிக்கிறது. ஆகவே 'அவர் தூண்டிவிட்டார்' என்று போகிறபோக்கில் எழுதிவிடக் கூடாது. பேச்சில் இதற்கு இன்னும் சூடான சொற்கள் உண்டு: உசுப்பேத்துறான், கொம்பு சீவி விடுறான், தூபம் போடுறான். வீட்டுக்குள் நடந்தால் அது தலையணை மந்திரம். அந்தப் பழி எப்போதும் மனைவிமேல்தான் விழும்.

செய்தி எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் அறிமுகப்படுத்து, புகுத்து, திணி. மூன்றும் ஒரே நிகழ்ச்சிக்கு வரலாம். பள்ளியில் புதிதாக ஒரு பாடம் வந்தால் அரசு அறிக்கை 'அறிமுகம்' என்னும், தயங்குபவர் 'புகுத்தல்' என்பார், எதிர்ப்பவர் 'திணிப்பு' என்பார். மூட்டைக்குள் பஞ்சைத் திணிக்கும்போது மூட்டையை யாரும் கேட்பதில்லை. திணி என்றாலே மறுக்க வழியில்லை என்று பொருள். 1938-இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. 1940-இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. அதை இந்தித் திணிப்பு என்பது பொருந்தும், மாணவருக்கு மறுக்கும் உரிமை இல்லாததால். விருப்பப் பாடமாக ஒன்று வரும்போதும் அதே சொல்லை எடுத்தால் அதன் கூர் மழுங்கிவிடும். உண்மையாகவே திணிப்பு வரும் நாளில் கையில் சொல் இருக்காது.

இந்த வரிசையில் எனக்கு அச்சம் தருவது மூளைச்சலவை. 1950-இல் எட்வர்ட் ஹன்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு சீனச் சொல்லைப் பெயர்த்து இதை ஆங்கிலத்தில் பரப்பினார். கொரியப் போரில் சிறைபட்ட அமெரிக்கர்களின் மனமாற்றத்தைப் பேசும்போது அது ஊரறிந்த சொல்லானது. தமிழும் அதை எடுத்துக்கொண்டது. அடைத்துவைத்து, அச்சுறுத்தி, விடாமல் அழுத்தி மனத்தை மாற்றுவதற்கு உரிய சொல் அது. இன்று, வயது வந்த மகள் தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டாலோ வேறு கொள்கைக்குப் போனாலோ 'மூளைச்சலவை செய்துவிட்டார்கள்' என்று பெற்றோர் புகார் எழுதுகிறார்கள். அது அப்படியே செய்தியாகவும் ஆகிறது. அந்த ஒரு சொல்லில் அவளுக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறது என்பதே அழிந்துபோகிறது. செய்தி எழுதுபவர்களே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சொல்லை அச்சில் ஏற்றாதீர்கள்.