இசியு போச்சா? கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பழைய கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பட்டறையில் சட்டென்று காதில் விழும் வார்த்தை: “இசியு போச்சு, மாத்தணும்.” செலவைக் கேட்டதும் காரையே விற்றுவிடும் குடும்பங்கள் உண்டு. பீடோர் பக்கம் தோட்டத்திலிருந்து வேலைக்குப் போகவும், பாட்டியைத் தாப்பா மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் அந்த ஒரு கார்தான் இருக்கும்.

எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜினுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினிப் பெட்டிதான் இசியு. 1985-இல் கார்புரேட்டருடன் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் இது கிடையாது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் வந்த வீராவின் ‘எம்.பி.ஐ.’ ரகங்களில் உண்டு.

அந்தக் காலத்து மிட்சுபிஷி பெட்டிகளில் பலரும் அறிந்த பலவீனம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சிறு உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் வயதானால் கசியும். அந்தத் திரவம் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். மூடியைத் திறந்தால் மீன் கவிச்சி போல வாடை வீசும்.

பெட்டியைத் தொடும் முன் பேட்டரி, ஃபியூஸ், எர்த் வயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே இருக்கும்.

பீடோரில் ஒரு போமேன் பெட்டியைக் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் அவசரப்படவே இல்லை. சாவியை எடுத்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தார். ஏர்பேக் உள்ள காரில் இது மிக அவசியம். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக, காரின் இரும்பைத் தொட்டார். பிறகு டாஷ்போர்டு உறையை நீக்கி, பிளக்கின் பூட்டை அழுத்தி, வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்தே உருவினார்.

உள்ளே கசிந்திருந்தவை இரண்டு கெப்பாசிட்டர்கள். ஈப்போவில் மின்னணுப் பழுது பார்ப்பவர் அவற்றை மாற்றிக் கொடுத்தார்; கார் ஓடியது. கெப்பாசிட்டர் விலை சில வெள்ளிதான், மற்றதெல்லாம் கூலி. ஆனால் செம்புக் கோடுகள் அதிகம் அரித்துப்போயிருந்தால் பழுதுபார்ப்பது கடினம்.

அப்போது பழைய உதிரிபாகக் கடையில் வேறு பெட்டி வாங்கலாம். மேலே ஒட்டியிருக்கும் எண் ஒத்துப்போக வேண்டும். ஆட்டோ, மேனுவல் கியருக்குப் பெட்டி மாறும். இம்மொபிலைசர் உள்ள காரில் சாவியும் பெட்டியும் பொருந்தாவிட்டால் இன்ஜின் ஓடாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றாலும், கழற்றிய பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.