பகல் வெயிலும் இரவு ஏ.சி.யும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே திரும்பினால், தெருவுக்குத் தெரு அடுக்குமாடி வீடுகள். காலை பத்து மணிக்குள் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தும் நேரத்தில் கீழே ஃபேன்கூடச் சுற்றாது. ஏ.சி. ஓடுவதோ இரவில்.

கூரைச் சூரிய மின்சாரத்தின் சிக்கலே இந்த நேர இடைவெளிதான். 3 கிலோவாட் தகடுகள் சென்னை வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். பகலில் வீட்டுக்கு 4 யூனிட் போதுமென்றால், மீதி 8 தெருக் கம்பிக்குப் போகும். இரவில் அதே 8 யூனிட்டைத் திரும்ப எடுக்கிறோம். கொடுத்ததும் எடுத்ததும் நேராகுமா? அதை முடிவு செய்வது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு.

தமிழ்நாட்டில் அந்த உத்தரவு நிலையாக இருந்ததில்லை. 2013-ல் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் வந்தது. 2019-ல் அது போய், நாம் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை என்றானது. 2021-ல் வீடுகளுக்குப் பழைய முறையே திரும்பியது. 25 ஆண்டு உழைக்கும் பொருளில் பணம் போடுகிறவர், எட்டே ஆண்டில் மூன்று கணக்குகளைப் பார்த்தால் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்தில் வீணானது நம் வெயில்.

விதி எப்போதும் தடையாகத்தான் இருக்கும் என்றில்லை. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலார் இணைப்பும் நின்றுவிடும். 'இவ்வளவு வெயிலடித்தும் ஏன் ஓடவில்லை?' என்று பலர் கோபப்படுகிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளியின் உயிருக்காகத்தான் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது. இந்த விதியில் எள்ளளவும் தளர்வு கூடாது.

தளர வேண்டியது அலைச்சல். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய விதிப்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. அதே மாதம் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். தனி வீட்டுக்காரர்களுக்கு இது போதும்.

அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. லிப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் குடியிருப்போர் சங்கங்கள் தகடு பொருத்தினால், கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் பெயின்ட் செலவைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.