பழைய ஜிப்சி ரெக்கார்டில் இருக்கும் மெட்டு யாருடையது?

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஏதாவது ஒரு பாட்டு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீட்டெயில்ஸ் என்ற டேபைப் பாருங்கள். பாடியவர், ஆல்பம், ஆண்டு என்று வரிசையாக இருக்கும். கம்போசர் என்றும் ஒரு வரி உண்டு. பழைய ஜிப்சி இசையை இண்டர்நெட்டிலிருந்து டவுன்லோட் செய்தால், அந்த வரி பல சமயம் காலியாக இருக்கும். அல்லது ‘டிரடிஷனல்’ என்று, அதாவது பாரம்பரிய மெட்டு என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால், பெயரும் ஊரும் உள்ள ஒரு நிஜ மனிதர் இருக்கலாம். அவரைத் தேடிப் பிடிக்க வீட்டுக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஜிப்சி என்று மற்றவர்கள் அழைக்கும் மக்கள் தங்களை ரோமா என்கிறார்கள். ஜிப்சி என்ற சொல்லை அவர்களில் பலர் விரும்புவதில்லை. ஆனால் பழைய ரெக்கார்டு லேபிள்களில் அந்தச் சொல்தான் அச்சாகியிருக்கும் என்பதால், தேடும்போது இரண்டையும் டைப் செய்து பாருங்கள். இவர்களின் முன்னோர் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். அதற்கு மொழியே சாட்சி: ரோமானி மொழியில் தண்ணீருக்கு பானி, மூக்குக்கு நாக், காதுக்கு கான்.

மொழி இங்கிருந்து போனது என்றால் மெட்டும் இங்கிருந்து போனதுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹங்கேரிய ‘ஜிப்சி ஸ்கேல்’ என்று மேல்நாட்டார் சொல்வதும் நம் சிம்மேந்திர மத்யமமும் சுர அளவில் ஒன்றே. அதே பெயரில் சொல்லப்படும் இன்னொரு ஸ்கேல் நம் மாயாமாளவகௌளை. ஆனால் அதே சுரங்கள் துருக்கிய, அரபு இசையிலும் உண்டு. ஸ்கேல் என்பது கீபோர்டு மாதிரி. இரண்டு பேரிடம் ஒரே கீபோர்டு இருப்பதால் இருவரும் ஒரே கடிதத்தை டைப் செய்தார்கள் என்று ஆகாது.

இந்தச் சண்டை பழையது. ரோமா இசைக் கலைஞர்கள் வாசித்த ஹங்கேரிய இசை முழுவதும் அவர்களுடையதே என்று 1859ல் லிஸ்ட் ஒரு புத்தகம் எழுதினார். எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் பாட்டைப் பதிவு செய்த பேலா பார்டோக், 1931ல் அதை மறுத்தார். ஓட்டல்களில் ரோமா குழுக்கள் வாசிப்பதில் பெரும்பகுதி, ஹங்கேரியர்கள் எழுதி அச்சிட்ட பாட்டுகள் என்றார். என் பார்வையில் பார்டோக் சொன்னதற்குத்தான் சாட்சி அதிகம். ஆனால் அதை வைத்து ‘அவர்கள் வெறும் வாசிப்பவர்கள்’ என்று சொல்வது அநியாயம். யானோஷ் பிஹாரி (1764-1827) என்ற ரோமா வயலின் கலைஞருக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது. அவருடைய மெட்டுகள் மற்றவர்கள் எழுதி வைத்ததால் மிஞ்சின. எழுதி வைக்க ஆள் இல்லாதவர்களின் பெயர் போயே போய்விட்டது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டு வயலின் மேதை சரசாத்தே 1878ல் வெளியிட்ட ஒரு படைப்பின் பெயருக்கே ‘ஜிப்சி மெட்டுகள்’ என்று பொருள். 1904ல் அவரே அதை வாசித்து ரெக்கார்டு கொடுத்தார். வாசிப்பின் நடுவே அவர் பேசும் குரல்கூடக் கேட்கும். அந்தப் படைப்பில் வரும் உருக்கமான மெதுவான பாட்டு ஜிப்சி மெட்டு அல்ல. எலெமேர் சென்டிர்மாய் என்ற ஹங்கேரியப் பாட்டாசிரியர் எழுதியது. சரசாத்தே வெளியிட்டபோது அவர் உயிரோடு இருந்தார். இதே கதைதான் பிராம்ஸின் 5வது ஹங்கேரிய நடனத்துக்கும். நாட்டுப்புற மெட்டு என்று நினைத்து அவர் எடுத்தது, பேலா கேலர் அச்சிட்டிருந்த ஒரு சார்டாஷ்.

சரி, நீங்களே எப்படித் தேடுவது? முதலில் ஃபைல் வேண்டும். இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 78 சுழற்சி ரெக்கார்டுகள் ஏராளம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா நூலகம் நடத்தும் டிஸ்கோகிராஃபி தளத்தில் மேட்ரிக்ஸ் எண்ணைக் கொடுத்தால், அது பட்டியலில் உள்ள அமெரிக்க ரெக்கார்டு என்றால் பதிவான தேதி கிடைக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பது தட்டில் லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண். லேபிளில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது.

அடுத்து ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து ஃபைலைத் திறவுங்கள். 78 என்று பெயர் இருந்தாலும் அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக 78ல் பதிவானவை அல்ல. 73.6ல் பதிவானதை 78ல் ஓட்டினால் சுருதி சரியாக ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். சரசாத்தேயின் படைப்பு சி மைனரில் தொடங்குகிறது என்று அச்சுப் பிரதி சொல்கிறது. உங்கள் ஃபைல் அதைவிட ஏறி ஒலித்தால் ஓட்டிய வேகம் தப்பு. எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் ஸ்பீடு எடுத்து மைனஸ் 5.6 சதவீதம் கொடுத்தால் அரைச்சுரம் இறங்கும். சேஞ்ச் டெம்போ வேறு. அது சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். வேகமான வயலின் வாசிப்பை நிதானமாகக் கேட்க அதுதான் வசதி.

இப்போது மெட்டை எழுத வேண்டும். நொட்டேஷன் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். 1975ல் டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு எளிய வழியைப் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு சுரமும் முந்தையதைவிட மேலா, கீழா, அதேயா என்று மட்டும் குறித்தால் போதும். ஜண்டை வரிசையின் ச ச ரி ரி க க என்பது ‘அதே, மேல், அதே, மேல், அதே’. சுருதி எதுவானாலும் இது மாறாது. 16 சுரங்களுக்கு 15 குறிகள்; 3 வாய்ப்புகள் வீதம் மொத்தம் 1,43,48,907 வடிவங்கள். அதனால் தற்செயலாக இரண்டு மெட்டுகள் முழுக்க ஒத்துப்போவது அபூர்வம்.

ரோமா வாசிப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சுரத்தைச் சுற்றி ஐந்தாறு கமகம் போடுவார்கள். அதையெல்லாம் குறித்தால் மெட்டு அடையாளமே தெரியாமல் போகும். அழுத்தி நிற்கும் சுரங்களை மட்டும் எடுங்கள். பிறகு ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் ஸ்கேன் செய்த பழைய அச்சுப் பிரதிகளோடு ஒப்பிடுங்கள்.

செல்போனில் ஷாஜாம் இருக்கிறதே என்பீர்கள். ஷாஜாம் அடையாளம் காண்பது ரெக்கார்டிங்கை, மெட்டை அல்ல. ஒரே மெட்டை வேறொருவர் வாசித்தால் அதற்கு அது வேறு பாட்டு. 2020ல் கூகுள் கொண்டுவந்த, முணுமுணுத்துத் தேடும் வசதி மெட்டையே பார்க்கிறது. ஆனால் பிரபலமான பாட்டுகளில்தான் அது கைகொடுக்கும்.

ஒத்துப்போகும் அச்சுப் பிரதி கிடைத்ததும் அதன் ஆண்டைப் பாருங்கள். ரெக்கார்டுக்கு முந்தையது என்றால் அது ஒரு தடயம், தீர்ப்பு அல்ல. அச்சிட்டவரே யாரோ ஒரு ரோமா கலைஞரிடம் கேட்டு எழுதியிருக்கலாம். அதனால் ஒரே மெட்டுக்கு இரண்டு மூன்று பிரதிகளாவது தேடுங்கள்.

ரோமா மக்கள் தங்களுக்குள் பாடிக்கொள்ளும் பாட்டுகள் வேறு. ஹங்கேரியில் மெதுவானதை லோகி கீலி என்பார்கள். ஆட்டப் பாட்டில் வாத்தியம் இல்லாமல் வாயாலேயே தாளமும் அடிச்சுரமும் கொடுப்பார்கள். ரெக்கார்டு கம்பெனிகள் இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. சென்கி சகோதரர்கள் 1940களில் தொகுத்து, 1955ல் 99 பாட்டுகள் புத்தகமாக வந்தன. இத்தகைய பதிவு கிடைத்தால் ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். இரைச்சல் என்று நினைத்து அந்த வாய்த்தாளத்தையே அது அழித்துவிடும். மூல ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.