அதிர்வுதாங்கிகளும் தீவகத்துத் தெருக்களும்

மோட்டார் வண்டி ஒன்றின் திறத்தை அதன் பொறியின் வலுவைக் கொண்டு மதிப்பிடுதல் உலக வழக்கு. பொறி நின்றுவிட்டால் வண்டியும் நின்றுவிடும். ஆதலின் அதன் குறையை எவரும் உடனே உணர்வர். ஆயின் வண்டியைத் தெருவோடு பிணைத்து வைத்திருக்கும் உறுப்புக்கள் பழுதுற்ற பின்னரும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். கராச்சுகளில் ‘சொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்வுதாங்கி இவ்வகையானது. அது ஒரு நாளிற் கெடுவதன்று. பல்லாயிரம் மைல் ஓட்டத்திற் சிறிது சிறிதாகத் தளர்வது. செலுத்துபவரும் அத்தளர்ச்சிக்குத் தம்மையறியாமலே பழகிவிடுவர். ஆபத்து நேரும் கணத்திலேதான் குறை வெளிப்படும்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இப்பொருள் தனிச்சிறப்பு வாய்ந்தது. வேலணைத் தீவையும் அதன் வடமேற்கிலுள்ள ஊர்காவற்றுறையையும் யாழ்நகரோடு இணைப்பது பண்ணைத் தாம்போதி. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லுதற்கு மற்றொரு தாம்போதி உண்டு. காரைநகரைக் குடாநாட்டோடு சேர்ப்பது பொன்னாலைத் தாம்போதி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் தெருவே இல்லை; புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகிலேயே செல்லல் வேண்டும். நெடுந்தீவில் ஒருவர் கடுநோயுற்றால், படகிற் கரைசேர்ந்த பின்னர், இரு தாம்போதிகளைக் கடந்தே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைதல் கூடும். இருபுறமும் கடல் சூழ்ந்த அவ்வழியில் வண்டி தெருவைவிட்டு விலகுமாயின், திரும்புதற்கு இடமில்லை.

வில்லும் தணிப்பும்

வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதிர்வுதாங்கி அன்று, வில்லே தாங்குகின்றது. அது பட்டைவில்லாகவோ சுருள்வில்லாகவோ முறுக்குக் கோலாகவோ இருக்கலாம். வில்லின் நீட்சி அதன்மேற் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதசமமானது என்னும் ஊக்கின் விதியை மாணவர் அறிவர். றொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி அது. தெருவின் மேடொன்றிற் சில்லு ஏறும்போது வில் அமுங்கிச் சக்தியைச் சேமிக்கின்றது. ஆயின் அச்சக்தியை வில் தன்னிடத்தே வைத்திருப்பதில்லை. உடனே திருப்பித் தருகின்றது. அதனால் வண்டி மேலெழும், தாழும், மீண்டும் எழும். வில் மாத்திரம் இருக்குமாயின் இவ்வலைவு நெடுநேரம் நில்லாது தொடரும்.

இவ்வலைவைத் தணிப்பதே அதிர்வுதாங்கியின் தொழில். எண்ணெய் நிரம்பிய உருளையொன்றினுள் முசலம் ஒன்று மேலுங் கீழுமாக அசைகின்றது. முசலத்திலுள்ள நுண்ணிய துளைகளினூடாகவும் வால்வுகளினூடாகவும் எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது தடை உண்டாகின்றது. அசைவின் சக்தி எண்ணெயில் வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றிற் கலந்துவிடுகின்றது. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அதிர்வுதாங்கி சூடாயிருத்தலின் காரணம் இதுவே. பெரும்பாலான அதிர்வுதாங்கிகளில், அமுங்கும் அசைவினும் விரியும் அசைவுக்குக் கூடுதலான தடை அமைக்கப்பட்டிருக்கும். சில்லு மேட்டில் எளிதில் ஏறவும், அமுங்கிய வில் வண்டியின் உடலைத் தூக்கி எறியாதிருக்கவும் இவ்வமைப்பு உதவும்.

ஈண்டு அலைவுகள் இருவகையின என்பது நோக்கற்பாலது. வண்டியின் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைத் தடவை அலைவது. சில்லோ செக்கனுக்குப் பத்துக்கு மேற்பட்ட தடவை துள்ளுவது. மணிக்கு 60 கிலோமீற்றர் கதியிற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்குச் சற்று மேல் ஓடும். தணிப்பு இழந்த வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து மூன்று முறை அலையுமாயின், ஏறத்தாழ 50 மீற்றர் தூரத்துக்கு அது தன் நிலைக்கு மீள்வதில்லை. சில்லுத் துள்ளலோ இதனினுங் கொடிது. தெருவைத் தொடாத ரயருக்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாதவிடத்து நிறுத்தியும் பயன்படாது, சுக்கானும் பயன்படாது. ஆகவே அதிர்வுதாங்கி பிரயாண சுகத்துக்கு மாத்திரம் உரிய உறுப்பு என எண்ணுதல் பிழை. நிறுத்திக்கும் சுக்கானுக்கும் ஒப்பான பாதுகாப்பு உறுப்பு அது.

உப்பும் மணலும்

தேய்வுக்குக் காரணங்கள் பல. பள்ளமுந் திட்டியுமான தெருவில் முசலம் ஓயாது உழைத்தலால் அதன் விளிம்பும் வால்வுகளும் தேய்கின்றன. எண்ணெய் சூடேறி நுரைத்துத் தன் தன்மையை இழக்கின்றது. இவை எங்கும் உள்ளன. தீவகத்துக்கே உரிய பகை உப்புக்காற்றாகும். உருளையிலிருந்து வெளிவரும் தண்டு கண்ணாடிபோல் மழமழப்பாக மெருகிடப்பட்டது. அதன்மேல் உப்பு படிந்து துருப்புள்ளிகள் தோன்றினால், அப்புள்ளிகள் அரம்போல் நின்று றப்பர் அடைப்பைக் கிழிக்கும். அடைப்புக் கிழிந்தால் எண்ணெய் கசியும். வில்லைத் தாங்கும் கிண்ணத்தில் ஈரமணல் தங்கி, அக்கிண்ணத்தையும் வில்லின் அடிச்சுற்றையும் அரித்தலும் உண்டு.

நன்னீராற் கழுவுதல் இதற்கு எளிய பரிகாரம். ஆயின் தீவகத்திற் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். அந்நீராற் கழுவுதல் உப்பின்மேல் உப்பைச் சேர்ப்பதாகும். நன்னீர் அரிதாகக் கிடைக்குமிடத்து, வண்டியின் மேற்பகுதியைக் கழுவுதலினும் அடிப்பகுதியைக் கழுவுதலே அறிவுடைமை. மாரிமழையில் வண்டியை ஓட்டிய பின் அடிப்பகுதியைப் பார்வையிடுதலும் நன்று.

தேய்வின் அறிகுறிகள்

நிறுத்தியை அழுத்தும்போது வண்டியின் முன்பகுதி மிகத் தாழ்தல், வளைவில் ஒருபுறம் சாய்தல், மேடு கடந்த பின்னும் ஊஞ்சல்போல் ஆடுதல், ரயரின் மேற்பரப்பு இடைக்கிடை குழிவிழுந்து தேய்தல், உருளையின் வெளிப்புறத்தில் எண்ணெய்க் கறை காணப்படுதல் என்பன முக்கியமான அறிகுறிகள். வண்டியின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விடுதல் பழைய பரிசோதனை. ஒருமுறை எழுந்து அமைவதே முறை; பலமுறை ஆடுமாயின் அதிர்வுதாங்கி செத்துவிட்டது எனலாம். ஆயின் இப்பரிசோதனையில் தேறிய வண்டி நல்லது என்று துணிதல் கூடாது. கையின் அசைவு மெதுவானது; தெருவில் நிகழும் அசைவோ விரைவானது. ஏறத்தாழ 80,000 கிலோமீற்றர் ஓடிய அதிர்வுதாங்கியை, அறிகுறி இல்லாவிடினும், கழற்றிப் பரிசோதிப்பது தக்கது. உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே செய்தல் நன்று.

வண்டி ஒருபுறம் தாழ்ந்து நிற்குமாயின் அக்குறை பெரும்பாலும் வில்லினது. அதற்காக அதிர்வுதாங்கியை மாற்றுதல் வீண்செலவு.

மாற்றும் முறை

தொடங்குமுன் வேண்டிய யாவற்றையும் தேடிவைத்தல் முதற்கடன். துருப்பிடித்த ஆணி முறிந்த பின்னர் மாற்றாணி தேடுதல், படகுக்குக் காத்திருக்கும் நெடுந்தீவாருக்கு ஒரு நாளை இழப்பதாகும். ஆதலின் அதிர்வுதாங்கியோடு புஷ்கள், ஆணிகள், மரைகள், தூசுக்கவசம் என்பவற்றையும் ஒருங்கே வாங்குதல் வேண்டும். ஒரே அச்சின் இரு புறங்களையும் சேர்த்தே மாற்றுதல் விதி. ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாயின், நிறுத்தும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

துருவேறிய மரைகளுக்கு முதல்நாளிரவே எண்ணெயிடல் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, தூக்காத சில்லுகளுக்கு அடைகொடுத்து, உயர்த்திய பின் இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்துக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே புகுதல் உயிரோடு விளையாடுதலாகும்.

பின்புறத்தில் வில்லினின்றும் வேறாக நிற்கும் குழாய்வடிவ அதிர்வுதாங்கியை மாற்றுதல் எளிது. அச்சை ஜக்கினால் தாங்கி, மேலாணியையும் கீழாணியையும் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். புதியதைப் பொருத்துமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அமுக்கி விரித்தால் உள்ளே சிக்கிய காற்று நீங்கும். தண்டைக் குறடாற் பற்றுதல் ஆகாது. அவ்வடு அடைப்பைக் கெடுக்கும். றப்பர் புஷ் உள்ள ஆணிகளை, சில்லுகள் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்குக. தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிநின்று விரைவிற் கிழியும்.

முன்புறத்து ‘ஸ்ரட்’ வேறு இயல்பினது. அமெரிக்கப் பொறியியலாளர் ஏள் மக்பேர்சன் வகுத்த இவ்வமைப்பில், சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் ஒரே தூணாக இணைந்துள்ளன. 1950ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட போட் கொன்சல், செபிர் வண்டிகள் இதனைக் கொண்டிருந்தன. இன்று சிறிய குடும்ப வண்டிகளுட் பெரும்பாலானவை இதனையே கொண்டுள்ளன. இங்கே வில் அமுங்கிய நிலையிற் சிறைப்பட்டிருக்கின்றது. வில்லமுக்கியால் வில்லை இருபுறமும் சமமாக அமுக்கி, அதன் இறுக்கம் இருக்கைகளை விட்டு நீங்கியதை உறுதிசெய்த பின்னரே நடுமரையைக் கழற்றலாம். முன்னரே கழற்றினால் வில் பாய்ந்து உயிரைப் போக்கவும் வல்லது. வில்லமுக்கி இல்லாதவர் இவ்வேலையில் இறங்காது, தூணைக் கழற்றிப் பயின்ற வினைஞரிடம் கொடுத்தலே நன்று. நிறுத்தியின் எண்ணெய்க் குழாயிற் பாரம் தொங்க விடுதலும் ஆகாது. தூணின் மேற்றலையிலுள்ள றப்பர் இருக்கையும் குண்டுப்போதிகையும் தேய்ந்திருப்பின் உடன் மாற்றுக. வேலை முடிந்தபின் சில்லுகளின் சாய்வை நேர்ப்படுத்தாது விட்டால் புதிய ரயரும் சில மாதங்களிற் தேய்ந்துவிடும்.

பழையதும் புதியதும்

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில வண்டிகள் தலைமுறை கடந்தும் ஓடியமை பலரும் அறிந்தது. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உதிரியுறுப்பும் அருகியபோது, அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. அவற்றின் நீண்ட ஆயுளுக்கு அவற்றின் அமைப்பும் ஒரு காரணம். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் உள்ளது நெம்புகோல்வகை எண்ணெய் அதிர்வுதாங்கி. அதன் மேலுள்ள அடைப்பைத் துப்புரவாக்கித் திறந்து, குறைந்த எண்ணெயை நிரப்பலாம். தூசு புகாமையும், உரிய எண்ணெயையன்றி நிறுத்தியின் எண்ணெயை ஊற்றாமையும் கவனிக்க வேண்டியவை. முன்புறத்தில் அதன் புயமே சில்லைத் தாங்கும் மேலிணைப்பாகவும் அமைந்தமையால், கழற்றுமுன் கீழ்ப்புயத்துக்கு முட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது.

அக்காலத்து உறுப்புத் திறந்து திருத்தக்கது. இக்காலத்து உறுப்பு மூடி முத்திரையிடப்பட்டது. கசிந்த குழாயை ஒட்டியும் துளைத்து எண்ணெய் ஊற்றியும் ‘திருத்துதல்’ பழைய பழக்கத்தின் எச்சமேயன்றித் திருத்தமன்று. வாயு அடைத்த உருளையைத் துளைப்பதும் தீயாற் சுடுவதும் ஆபத்தானவை. பற்றாக்குறைக் காலம் கற்பித்த சிக்கனம் போற்றத்தக்கது; எனினும் எதனைத் திருத்தலாம், எதனை மாற்றவே வேண்டும் என்று பகுத்தறிதலே உண்மையான சிக்கனம்.

பௌதிகவியல் வகுப்பில் வில்லொன்றிற் படியைத் தொங்கவிட்டு அலைவெண்ணும் மாணவர், அதே படியை எண்ணெயில் அமிழ்த்தி அலைவு அடங்குவதையும் காண்பர். தம் வீட்டு வண்டியின் சில்லருகே நிகழ்வதும் அதுவே என்பதை அவர் உணர்வராயின், பாடநூலின் விதி பண்ணைக் கடலின் நடுவே ஓர் உயிரைக் காக்கவும் பயன்படும்.