கேம்பல் பேயில் இரண்டாவது பூனை

கேம்பல் பே கிளையில் நாங்கள் பொறுப்பேற்ற நாளில் சாவிகள், பதிவேடுகள், இரும்புப் பெட்டிகள் என யாவும் பட்டியலிட்டு ஒப்படைக்கப்பட்டன. அலுவலர் குடியிருப்பிலோ, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒன்றும் எங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதுதான் சின்னி. சாம்பல் நிறமும் வெள்ளைக் கழுத்தும் கொண்ட அந்தப் பெண் பூனை, எங்களுக்கு முன்பிருந்த அதிகாரியின் வளர்ப்பு. கருத்தடை அறுவை சிகிச்சையை அவரே செய்வித்திருந்தார். கப்பலில் கொண்டுசெல்ல இயலாமல் விட்டுச் சென்றிருந்தார். முதல் வாரம் முழுவதும் அது சமையலறை மேடையில் அமர்ந்து எங்களைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதுவே பழையவர், நாங்கள் புதியவர்கள்.

வாசகர்களில் பலர் இந்த ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் அமைந்த சிறு துறைமுக ஊர் கேம்பல் பே. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை இதே தீவில்தான் உள்ளது. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டதால், ஒரே தெருவில் பஞ்சாபியும் தமிழும் மராத்தியும் கேட்கும். போர்ட் பிளேர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வரும் கப்பல், இடையிலுள்ள தீவுகளைத் தொட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஒரு நாளைத் தாண்டிவிடும். வீட்டின் கொல்லைப்புறம் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. இந்தச் செய்தி ஏன் முக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

இரண்டாவது பூனையை நாங்கள் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஒரு மழைநாள் மாலையில், படகுத்துறை அருகே மீன்கூடைகளுக்கிடையில் நடுங்கிக்கொண்டிருந்த ஆறு மாத ஆண் குட்டியை எங்கள் மகள் துண்டில் சுற்றித் தூக்கிவந்துவிட்டாள். செம்மண் நிறத்தில் இருந்த அதற்கு முத்து என்று பெயரும் வைத்தாயிற்று. கூடத்தின் நடுவே கூடையை வைத்துத் திறந்தோம். இரண்டும் பழகிக்கொள்ளும் என்று எண்ணினோம். கடன் கேட்டு வரும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஆவணம் ஏதும் பார்க்காமல் பணத்தை எடுத்துக் கொடுக்க மாட்டோம். ஆனால் வீட்டில் அதற்கு ஒப்பான காரியத்தைத்தான் செய்தோம்.

சின்னி உடலை வில்லாக வளைத்துச் சீறியது. குட்டி அலமாரிக்கு அடியில் புகுந்தது. அடுத்த கணமே சின்னி சன்னல் வழியே வெளியே பாய்ந்து கொல்லையைக் கடந்து மறைந்தது. அன்றிரவு அது திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மூன்று இரவுகள் விளக்கை ஏந்தி வேலியோரம் நின்று அழைத்துப் பார்த்தோம். தவளைகளின் ஒலியன்றி வேறு பதில் இல்லை.

பூனை போய்விட்டதே என்ற வருத்தம் ஒருபுறமிருக்க, வேறொரு கவலையும் எங்களைத் தூங்கவிடவில்லை. இத்தீவின் கடலோரக் காடுகளில் நிக்கோபார் மெகாபோடு என்னும் பறவை வாழ்கிறது. கோழியளவு இருக்கும் இப்பறவை நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இது அடைகாப்பதில்லை. மணலையும் இலைச் சருகையும் கால்களால் வாரி மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையிட்டுவிடும். மட்கும் சருகின் வெப்பத்தில் குஞ்சு பொரியும். வெளிவந்த குஞ்சு தாயின் துணையின்றித் தானே வாழத் தொடங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரையோர மேடுகளை வாரிச் சென்றபின் இவற்றின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. காப்பாற்றத் தாயில்லாமல் தரையில் ஓடும் குஞ்சுக்கு, வீட்டை வெறுத்துக் காட்டுக்குள் போன பூனை என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம்.

இது மிகைப்பட்ட அச்சமன்று. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் செயல்படத் தொடங்கியது. அங்குப் பணிக்குச் சென்றவர்களோடு பூனையும் சென்றது. அத்தீவில் பறக்க இயலாத சிறு பறவையினம் ஒன்று இருந்தது. காவலரின் ஒற்றைப் பூனையே அதை முழுதும் அழித்தது என்று சொல்லப்படும் கதை மிகைதான். காட்டில் பெருகிய பூனைகள் பலவும் சேர்ந்து செய்த அழிவு அது. எனினும் சில ஆண்டுகளுக்குள் அந்தப் பறவையினம் இல்லாமற்போனது உண்மை. மற்ற ஊர்களில் இரண்டு பூனைகள் ஒத்துப்போகாவிட்டால் வீட்டின் அமைதி கெடும், அவ்வளவுதான். எங்களைப் போன்ற தீவுவாசிகளுக்குக் கணக்கு அத்துடன் முடிவதில்லை.

நான்காம் நாள் காலை, பக்கத்து வீட்டில் மீன் நறுக்கும் ஓசை கேட்டு மெலிந்த உடலோடு சின்னி வந்து நின்றது. அந்த வீட்டுப் பாட்டி, எழுபதுகளில் கணவரோடு இங்கு வந்து குடியேறியவர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, மருமக வந்த அன்னைக்கே மாமியார்கிட்ட இருந்து சாவிக்கொத்தை வாங்கி அவ இடுப்புல சொருகுவாங்களா? கொஞ்ச நாள் அது அது ஒரு மூலையில கெடக்கட்டும்" என்றார். பின்னர் தொலைபேசியில் நாங்கள் ஆலோசனை கேட்ட கால்நடை மருத்துவரும் ஏறத்தாழ இதையே, வேறு சொற்களில் சொன்னார்.

காரணம் பூனையின் பிறப்பிலேயே இருக்கிறது. வீட்டுப் பூனைகள் யாவும் மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனையிலிருந்து வந்தவை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. அந்த முன்னோர் தனித்து வேட்டையாடி, தன் எல்லையைத் தானே காத்து வாழ்ந்த விலங்கு. நாயைப் போலக் கூட்டத்தில் இடம்பிடிக்கும் இயல்பு அதற்கில்லை. தாயும் மகளும் உடன்பிறந்தவையும் சேர்ந்து வாழும்; ஆனால் அறிமுகமில்லாத பூனை, அதன் கண்ணுக்கு எல்லை மீறி வந்த அந்நியன். மேலும் பூனை ஒருவரை அறிவது முதலில் மூக்கால். கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகளால் நாற்காலிக் காலையும் நம் காலையும் உரசி, இது என்னுடையது என்று அது ஒவ்வொரு நாளும் எழுதிவைக்கிறது. ஆகவே முகத்தைக் காட்டுவதற்கு முன் மணத்தைக் காட்ட வேண்டும்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். முத்துவுக்குப் பின்னறை ஒதுக்கப்பட்டது. உணவு, நீர், கழிவுத் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நகம் கீற ஒரு சாக்குத் துண்டு யாவும் அதற்குள்ளேயே. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். இரண்டு வாரம் இப்படித் தனித்து வைப்பதில் வேறொரு நன்மையும் உண்டு: தெருவிலிருந்து வந்த குட்டிக்குச் சளி, வயிற்றுப்போக்கு, உண்ணி ஏதேனும் இருந்தால் பழைய பூனைக்குத் தொற்றுமுன் தெரிந்துவிடும். கடையில் விற்கும் கழிவு மணல் இவ்வூரில் எளிதில் கிடைக்காது. தச்சரிடம் வாங்கிய மரத்தூளும் தென்னை நார்த்தூளும் அதைவிட நன்றாகவே பயன்பட்டன.

ஒரு பழைய பருத்தித் துணியால் முத்துவின் கன்னத்தைத் தடவி, அதைச் சின்னியின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தொலைவில் வைத்தோம். சின்னியின் மணமேறிய துணி பின்னறைக்குப் போயிற்று. முதல் நாள் சின்னி துணியைப் பார்த்துச் சீறிவிட்டு உண்ணாமல் எழுந்துபோனது. ஐந்தாம் நாள் முகர்ந்தது. எட்டாம் நாள் அதன்மேல் படுத்துக்கொண்டது. பிறகு சாத்திய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மீன் வைத்தோம். முதலில் ஆறடி தள்ளி, நாளுக்குச் சிறிது சிறிதாக நெருக்கி. அந்த மணம் வரும்போதெல்லாம் நல்ல உணவும் வருகிறது என்று பூனைக்குப் பதிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். நாளுக்கொரு முறை, சின்னி வேறிடத்தில் இருக்கும்போது முத்துவைக் கூடத்தில் உலவவிட்டோம். சின்னி பின்னறையைச் சோதனையிட்டது. எங்கள் கிளைக்கு வரும் தணிக்கையாளர்கள்கூட அத்தனை மூலைகளைப் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம் கொசுவலைக் கதவு உதவிற்று. அதன் கீழ்ப்பகுதியில் கம்பி வலை அடித்து, ஒன்றையொன்று பார்க்கச் செய்தோம். முதலில் ஐந்து நிமிடம் மட்டும். சீறலைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அது 'தள்ளி நில்' என்னும் பேச்சு. அஞ்ச வேண்டியது ஓசையற்ற முறைப்பை. காதுகளைப் பின்னுக்கு மடித்து, வால்நுனி துடிக்க, இமைக்காமல் பார்க்கும் பூனை அடுத்துப் பாயக்கூடும். அந்நிலையில் நடுவே ஓர் அட்டையைச் செருகிப் பார்வையை மறைத்தாலே போதும். கையை நீட்டவே கூடாது. சினந்த பூனை எதிரில் இருப்பவரைக் கடித்துவிடும். அடிப்பதும் திட்டுவதும் பயனற்றவை. புதியது வந்ததிலிருந்து அடியும் வந்தது என்றே பழைய பூனை கணக்கு வைக்கும்.

இருபத்து மூன்றாம் நாள் பொறுமையிழந்து கதவைத் திறந்துவிட்டோம். சின்னி முத்துவை விரட்டிக் கழிவறை மூலையில் நிறுத்தியது. ஒரு வாரம் பின்னுக்குப் போனோம். பலர் இந்த இடத்தில்தான் 'இது ஒத்துவராது' என்று முடிவுகட்டிக் குட்டியைக் கொண்டுபோய் எங்கேனும் விட்டுவிடுகிறார்கள். ஊரோரம் காடு உள்ள இடத்தில் 'எங்கேனும்' என்பது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பூனைக்கு மூன்று கழிவுத் தட்டு வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது ஆடம்பரமாகத் தோன்றியது. பிறகுதான் பொருள் புரிந்தது. ஒரே தட்டு இருந்தால், வலிய பூனை வழியில் படுத்தே மற்றதைத் தடுத்துவிடும். சண்டையே கண்ணில் படாது. ஒன்று மெத்தையில் சிறுநீர் கழிப்பது மட்டும் தெரியும். உணவுத் தட்டும் நீரும் அவ்வாறே தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும். உயரமான அலமாரி மேல் பழைய பூனைக்கென ஓர் இடம் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

உடல்நலத்தில் இரண்டைக் கவனியுங்கள். மன அழுத்தத்தால் பூனை ஒரு நாளுக்கு மேல் உணவைத் தொடாவிட்டால், குறிப்பாகப் பருத்த பூனையாயின், கல்லீரல் கெடக்கூடும். ஆண் பூனை தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை; மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று பாரசிட்டமால் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. ஆண் குட்டிக்கு உரிய வயதில் கருத்தடை செய்துவிட்டால் எல்லைச் சண்டையும் சுவரில் சிறுநீர் தெளிப்பதும் பெரிதும் அடங்கும். காட்டுக்குள் பிறக்கும் குட்டிகளும் இருக்கமாட்டா. முத்துவுக்கு அது ஏழாம் மாதத்தில் நடந்தேறியது.

கதவு முழுமையாகத் திறக்கப்பட்டது நாற்பத்தோராம் நாள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. இரண்டும் நண்பர்களாகிவிட்டன என்று எழுத ஆசைதான்; ஆகவில்லை. திண்ணைப் பலகையின் இரு முனைகளில் ஆளுக்கொன்றாகப் படுத்திருக்கும். மழை வலுத்தால் இடைவெளி ஒரு சாண் குறையும். இருள் கவிந்ததும் இரண்டையும் உள்ளே அழைத்துச் சன்னலைச் சாத்திவிடுகிறோம். அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது, பின் வருபவருக்கான ஒப்படைப்புத் தாளில் இம்முறை இரண்டு வரிகள் கூடுதலாக இருக்கும். கம்பி வலை அடித்த கதவைக் கழற்ற வேண்டாம் என்பதையும் அதிலேயே குறித்துவைத்திருக்கிறோம்.